காரை வீடாக்கப் போகிறீர்களா? முதலில் எடை போடுங்கள்!

(அலிப்பூரிலிருந்து நமது நிருபர்)

ஞாயிற்றுக்கிழமைகளில் அலிப்பூர் மிருகக்காட்சி சாலை வாசலில் கூட்டத்தைப் பார்த்திருக்கிறவர்களுக்குத் தெரியும், கொல்கத்தாவில் இப்போது எத்தனை பெரிய கார்கள் வந்துவிட்டன என்று. முன்பெல்லாம் மஞ்சள் அம்பாசடர் டாக்சியில் ஆறு பேர் நெருக்கி உட்கார்ந்து வந்த குடும்பங்கள், இப்போது ஜீப்பைப் போல உயர்ந்து நிற்கும் எஸ்.யூ.வி. கார்களில் வந்து இறங்குகின்றன. நம்மவர்களும் இதற்கு விலக்கல்ல. லேக் மார்க்கெட்டில் காப்பிப் பொடியும் வாழையிலையும் வாங்க வருகிற தமிழ்க் குடும்பங்களில் பலவற்றுக்கு இன்று இத்தகைய வண்டி இருக்கிறது.

வண்டி வந்த பிறகு ஆசையும் வருகிறது. ரயில் டிக்கெட்டுக்கு அறுபது நாள் முன்பே காத்திருக்க வேண்டாம்; நினைத்த இடத்தில் நிறுத்தி, கூடாரம் அடித்து, சமைத்துச் சாப்பிட்டு, வண்டியிலேயே படுத்து எழுந்து ஊர் போய்ச் சேரலாமே என்ற ஆசைதான் அது. இப்படிக் காரையே வீடாக்கிக் கொண்டு போவதற்குத் தேவையான சாமான்களை விற்கும் கடைகளும் பெருகிவிட்டன.

ஆனால் எதை வாங்குவது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எதை வாங்க வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பழைய கல்கத்தாவுக்குப் புதிதல்ல

சாலை வழியாக நெடுந்தூரம் போவது இந்த நகரத்துக்குப் புதிய விஷயமல்ல. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர் வண்டிகளில் லண்டனிலிருந்து புறப்பட்டார்கள். கல்கத்தா வழியாக அஸ்ஸாம் போய், அங்கிருந்து லேடோ சாலையில் பர்மாவைக் கடந்து 1956 மார்ச்சில் சிங்கப்பூர் சேர்ந்தார்கள்.

1957 ஏப்ரல் 15ஆம் தேதி லண்டனிலிருந்து ‘இந்தியாமேன்’ என்ற பஸ் இருபது பிரயாணிகளுடன் கிளம்பி, ஜூன் 5ஆம் தேதி கல்கத்தா வந்து சேர்ந்தது. ஒரு வழிக் கட்டணம் 85 பவுன். வாசகர்களில் மூத்தவர்கள் இதைப் பத்திரிகைகளில் படித்திருக்கலாம்.

நம் மேற்கு வங்கத்திலேயே இன்றும் ஓர் உதாரணம் உண்டு. டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சங் என்ற சிற்றூரிலிருந்து 3,636 மீட்டர் உயரத்தில் இருக்கும் சந்தக்பூ வரை, 31 கிலோமீட்டர் செங்குத்தான பாதையில், 1950களில் செய்யப்பட்ட பழைய லேண்ட் ரோவர்கள் பல ஆண்டுகளாகப் பிரயாணிகளை ஏற்றிச் செல்கின்றன. அந்த வண்டிகளில் எந்த அலங்காரமும் கிடையாது. வண்டி எவ்வளவு தாங்கும் என்பது ஓட்டுகிறவருக்குக் கை விரல் போலத் தெரியும். அதுதான் அவர்களுடைய மூலதனம்.

நம் குடும்பக் காரைப் பற்றி நமக்கு அது தெரியுமா?

சிலிகாவைப் பகலில் பார்க்க ஆசை

அலிப்பூரில் எங்கள் தெருவில் தமிழ் நண்பர் ஒருவர் இருக்கிறார். வயது நாற்பத்தெட்டு. திருநெல்வேலிப் பக்கம். மனைவி, பத்தாவது முடித்த பையன், ஆறாவது படிக்கும் பெண், எழுபத்து நான்கு வயதான தாயார். சென்ற குளிர்காலத்தில் குடும்பத்தோடு காரிலேயே ஊருக்குப் போவது என்று முடிவு செய்தார்.

காரணம் அவருடைய தாயார்தான். அந்த அம்மாள் 1972இல் கல்யாணமாகி இந்த நகரத்துக்கு வந்தவர். அவரே என்னிடம் சொன்னார்:

“தம்பி, ஐம்பது வருஷத்துக்கு மேலே இந்த வழியாப் போயிட்டு வந்திட்டேன். சிலிகா ஏரி வருது, சிலிகா ஏரி வருதுன்னு அவங்க அப்பா எழுப்புவாரு. ஜன்னலைத் திறந்தா ஒரே இருட்டு. ஒரு தடவை பகல்லே பார்த்துடணும்.”

கோரமண்டல் எக்ஸ்பிரஸில் போகிறவர்களுக்கு இது புரியும். இங்கிருந்து போனாலும் சரி, சென்னையிலிருந்து வந்தாலும் சரி, அந்த ரயில் சிலிகாவைக் கடக்கும்போது நடுநிசி அல்லது அதற்கு முன் பின்னாக இருக்கும். ஏரி இடப் பக்கமா வலப் பக்கமா என்பதுகூடத் தெரியாது.

நண்பர் மகிழ்ச்சியோடு ஏற்பாட்டில் இறங்கினார். இரண்டு மாதத்தில் அவருடைய கார் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. கூரை மேல் இரும்புச் சட்டம். அதன் மேல் விரித்தால் அறை போல ஆகும் கூடாரம். பின்னால் இழுப்பறைகளோடு பலகைக் கட்டில். அறுபது லிட்டர் தண்ணீர்த் தொட்டி. காரில் வைக்கும் குளிர்சாதனப் பெட்டி. அதற்குத் தனி பேட்டரி. வீட்டு காஸ் சிலிண்டரும் அடுப்பும். உபரியாக ஒரு கேன் டீசல்.

வெள்ளோட்டமாக டைமண்ட் ஹார்பர் சாலையில் ஒரு நாள் போய் வந்தோம். வண்டி திருப்பத்தில் படகு போலச் சாய்ந்தது. முன்னால் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா குறுக்கே வந்தபோது பிரேக்கை அழுத்தினார். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. நல்ல வேளை, ரிக்‌ஷாக்காரர் ஒதுங்கிக் கொண்டார். பின் சீட்டிலிருந்த அந்த அம்மாள் முன் சீட்டில் முட்டிக் கொண்டு நெற்றியில் வீக்கம்.

திரும்பும் வழியெல்லாம் நண்பர் பேசவில்லை.

வேகனில் எழுதியிருக்கிறது, காரில் எழுதவில்லையா?

நான் ரயில்வேயில் குமாஸ்தா. சரக்கு வேகன்களின் கணக்கு எழுதியே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு வேகனின் பக்கவாட்டிலும் காலி எடை எவ்வளவு, ஏற்றக்கூடியது எவ்வளவு என்று பெயிண்டில் எழுதியிருக்கும். நிலக்கரி ஏற்றும் ‘பாக்ஸ்-என்’ வேகனின் மூல வடிவமைப்பில் காலி எடை 22.47 டன், ஏற்றக்கூடியது 58.81 டன். அந்த இரண்டு எண்ணும் தெரியாமல் எந்த ஸ்டேஷனிலும் வேகனில் கை வைக்க மாட்டார்கள்.

காருக்கும் அதே கணக்குத்தான். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணிலோ, இன்ஜின் அறையிலோ ஒரு தகடு இருக்கும். அதில் வண்டி, ஆட்கள், சாமான் எல்லாம் சேர்ந்து மொத்தம் எத்தனை கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்ற எண் இருக்கும். வண்டியோடு கொடுத்த கையேட்டில் காலி எடை இருக்கும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் சொத்து. அதற்குள் ஆட்களும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மறு நாள் நண்பரிடம், “சார், ஒரு தடவை வே பிரிட்ஜில் ஏற்றிப் பார்த்துவிடுவோம்” என்றேன். சாமான்களோடும் குடும்பத்தோடும் லாரிகள் எடை போடும் இடத்துக்குப் போனோம். எடை போடுகிறவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வீடு மாற்றிப் போகிறீர்களா என்று வங்காளத்தில் கேட்டுச் சிரித்தார்.

எடை 2,520 கிலோ. தகட்டில் இருந்த எண் 2,300. அதாவது 220 கிலோ அதிகம். மூன்று பெரியவர்களைக் கூடுதலாகத் தோளில் உட்கார வைத்தது போல.

எங்கிருந்து வந்தது இந்த எடை?

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தெருவில் மளிகைக் கடைக்காரரிடம் தராசு வாங்கி ஒவ்வொரு சாமானையும் நிறுத்தோம். அந்தக் கணக்கை வாசகர்களுக்கு அப்படியே தருகிறேன்.

டீசல் நிரப்பிய காலி வண்டி 1,760 கிலோ. ஐந்து பேரும் சேர்ந்து 295 கிலோ. ஆகவே சாமானுக்கு மிச்சம் 245 கிலோதான்.

ஏற்றியிருந்ததோ இப்படி: கூரைச் சட்டம் 32. கூரைக் கூடாரம் 62. இழுப்பறைக் கட்டில் 68. தண்ணீரும் தொட்டியும் 65. காஸ் சிலிண்டர் 30. அடுப்பு 6. குளிர்சாதனப் பெட்டியும் உள்ளிருந்ததும் 35. தனி பேட்டரி 24. டீசல் கேன் 20. துணிமணி, படுக்கை, பெட்டிகள் 60. பாத்திரம், அரிசி, மளிகை 38. கருவிகள் 25. மொத்தம் 465 கிலோ.

ஒரு சாமானும் தனியாகப் பார்த்தால் பெரிய பாரமாகத் தெரியவில்லை. எல்லாம் சேர்ந்தபோதுதான் வினை.

எடை கூடினால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் கூடும். பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கினால் விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். டயர் சூடேறி வெடிக்கும் அபாயம் உண்டு. டயரின் பக்கவாட்டில் அளவை அடுத்து வரும் எண், அது தாங்கும் எடையைக் குறிக்கும்: 100 என்றால் ஒரு டயருக்கு 800 கிலோ, 104 என்றால் 900 கிலோ. அங்கேயே முட்டை வடிவக் கட்டத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். பழைய டயரோடு நெடும் பிரயாணம் வேண்டாம். முழுப் பாரத்துக்கு எவ்வளவு காற்று என்பதும் கதவுத் தூண் தகட்டில் தனியாக இருக்கும்.

தலையில் பாரம் கூடாது

எடை எவ்வளவு என்பது ஒன்று. எங்கே என்பது இன்னொன்று. கூரை தாங்கும் எடை தனி. நண்பருடைய வண்டிக் கையேட்டில் அது 75 கிலோ என்று இருந்தது. சட்டமும் கூடாரமும் சேர்ந்து 94 கிலோ. திருப்பத்தில் வண்டி ஏன் சாய்ந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

தலையில் குடம் வைத்து நடப்பவளும் இடுப்பில் வைத்து நடப்பவளும் ஒரே வேகத்தில் திரும்ப முடியாது. காரும் அப்படியே. கனமானது கீழே, பின் சீட்டை ஒட்டி, நடுவில். இலேசானது மேலே. கூரையில் ஏதாவது வைத்தே தீர வேண்டுமென்றால் படுக்கை, பாய் போன்றவை போதும்.

உள்ளே வைப்பவற்றையும் கட்டி வைக்க வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி எதிலாவது மோதி நின்றால், பின்னால் கட்டாமல் வைத்த 20 கிலோ தண்ணீர்க் கேன் பல நூறு கிலோ எடையுள்ள பாறாங்கல் போல வந்து முதுகில் விழும். வண்டித் தளத்தில் சாமான் கட்டுவதற்கென்றே இரும்பு வளையங்கள் உண்டு. அவற்றில் பட்டை போட்டு இறுக்க வேண்டும். ஓடும்போது குழந்தைகள் கட்டில் பலகையில் படுத்து வருவது கூடவே கூடாது. எல்லோரும் சீட்டில், பெல்ட்டோடு.

நெருப்பு வேண்டாம்

சிலிண்டரை இறக்கச் சொன்னபோது நண்பரின் மனைவிக்கு வருத்தம். “வழியிலே அம்மாவுக்கு ஒரு வாய் சூடா ரசம் சாதம் கொடுக்க வேண்டாமா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அவருக்கு மதுரை விபத்தை நினைவூட்டினேன். 2023 ஆகஸ்ட் 26ஆம் தேதி அதிகாலை. லக்னோவிலிருந்து யாத்ரீகர்களை ஏற்றி வந்த சுற்றுலா ரயில் பெட்டி மதுரை நிலையத்துக்கு அருகே நிறுத்தப்பட்டிருந்தது. விதிக்கு மாறாக உள்ளே எடுத்து வந்திருந்த காஸ் சிலிண்டரில் அடுப்பு மூட்டியபோது தீப்பிடித்தது. ஒன்பது பேர் மாண்டார்கள். ராமேசுவரம் போக வேண்டியவர்கள். அவர்களும் சூடாக ஏதாவது குடிக்க ஆசைப்பட்டவர்கள்தான்.

ரயில் பெட்டிக்கு இரு புறமும் கதவு உண்டு. அதிலேயே இந்த கதி என்றால், சாமான் அடைத்த காரில் என்ன ஆகும்?

புகையும் ஒரு எமன். 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை அருகே சாலையோரம் நின்ற கேரவன் வண்டியில் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு வாயு உள்ளே பரவியதே காரணம் என்று ஆய்வில் தெரிய வந்தது. அந்த வாயுவுக்கு நிறமோ வாசனையோ கிடையாது, தூங்குகிறவரை எழுப்பாது. இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுத் தூங்குவது, குளிருக்குக் கரிச்சட்டியைக் கூடாரத்துக்குள் வைப்பது, இரண்டும் உயிருக்கு உலை.

எங்கள் முடிவு: சிலிண்டர் இல்லை. சிறு டப்பா காஸ் அடுப்பு ஒன்று, மூன்று கிலோ. அதுவும் வண்டியை விட்டுப் பத்தடி தள்ளி, திறந்த வெளியில், தண்ணீர் கொதிக்க வைக்க மட்டும். வெயிலில் டப்பாவை விடக் கூடாது. டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கிலோ உலர் தூள் தீயணைப்பான்.

சாப்பாட்டுக்கு நம் பாட்டிகள் வழி இருக்கிறதே! புளியோதரை, மிளகாய்ப் பொடி எண்ணெய் தடவிய இட்லி, தயிருக்குப் பதில் மோர் மிளகாய். முதல் நாளைக்கு இது போதும். அடுத்த நாளிலிருந்து ஆந்திரா வந்துவிட்டால் சாதத்துக்கும் ரசத்துக்கும் பஞ்சமில்லை.

படுக்கையும் வெளிச்சமும்

கூரைக் கூடாரம் போனால் எங்கே படுப்பது? இரண்டு தரைக் கூடாரங்கள் வாங்கினார். இரண்டும் சேர்ந்து 11 கிலோ. நண்பர், மனைவி, குழந்தைகள் அதில். அம்மாளுக்குக் கார்.

இழுப்பறைக் கட்டிலைப் பிரித்துவிட்டு, பின் சீட்டை மடக்கிய பின் சமமாக வரும்படி ஒரே பலகை போட்டோம். ஆறடிக்கு நாலடி பிளைவுட் 18 மில்லிமீட்டர் கனத்தில் சுமார் 26 கிலோ வரும். 12 மில்லிமீட்டரில் 17 கிலோதான். கீழே நாலைந்து முட்டுக் கட்டைகள் கொடுத்தால் 12 மில்லிமீட்டரே தாங்குகிறது. கட்டையோடு 22 கிலோ. நீளத்தில் இரண்டாக மடங்கும்படி கீல் வைத்ததால் பகலில் மடக்கி, சாமானுக்கு அடியில் படுக்க வைத்துவிடலாம். ஸ்டெப்னி டயர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பலகை போடுங்கள். நடுச்சாலையில் பஞ்சரானால் எல்லாச் சாமானையும் இறக்கும்படி ஆகக் கூடாது.

இரவில் இரு பக்கக் கண்ணாடியையும் இரண்டங்குலம் இறக்கி, கொசுவலைத் துணி மாட்ட வேண்டும். காற்று குறுக்கே ஓடினால்தான் உள்ளே மூச்சு முட்டாது. வங்கக் கொசுவைப் பற்றி அலிப்பூர்வாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மின்சாரத்துக்கும் கணக்கு உண்டு. பத்து வாட் விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 80 வாட்-மணி. ஐந்து வாட் விளக்கு நான்கு மணி நேரம் 20. ஐந்து செல்போன்கள் 75. ஆக ஓர் இரவுக்கு 175 வாட்-மணி. 500 வாட்-மணி கொள்ளும் ஆறு கிலோ லித்தியம் பெட்டி ஒன்று இரண்டு இரவுக்குத் தாராளம். பகலில் வண்டி ஓடும்போது சிகரெட் பற்றவைக்கும் துவாரத்திலிருந்து சார்ஜ் ஏறிவிடும். வண்டி பேட்டரியில் கை வைக்க வேண்டாம். காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் காட்டில் யாரைக் கூப்பிடுவது?

மின்சாரக் குக்கர் மட்டும் வேண்டாம். 500 வாட் குக்கர் 12 வோல்ட்டில் 42 ஆம்பியர் இழுக்கும். அந்தத் துவாரம் தாங்குவது பத்துப் பதினைந்து ஆம்பியர்தான். ஒயர் உருகித் தீப்பிடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் வகுத்ததற்கும் பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்புக் கம்பிகளை அகற்றும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. அந்தக் கம்பி இருந்தால் மோதலின்போது ஏர்பேக் சரியாக வேலை செய்யாமல் போகலாம். நடந்து போகிறவருக்கும் ஆபத்து.

ஆகவே வெல்டிங் வேண்டாம். துளை போட வேண்டாம். ஒயரை வெட்ட வேண்டாம். நண்பரின் பலகை நாலு பட்டைகளில் நிற்கிறது. திங்கட்கிழமை காலை ஐந்து நிமிஷத்தில் கழற்றி வைத்துவிட்டுக் குழந்தைகளைப் பள்ளியில் விடப் போகலாம். அன்றாடக் காரை அன்றாடக் காராகவே திரும்பக் கொண்டுவருவதுதான் சாமர்த்தியம். சந்தேகம் இருந்தால் வண்டி பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக் கொள்ளலாம்.

எங்கு வேண்டுமானாலும் கூடாரம் அடிக்கலாம் என்பதும் தவறு. காப்புக் காட்டில் அனுமதியில்லாமல் இரவு தங்குவது குற்றம். மந்தார்மணி கடற்கரை மணலில் கார் ஓட்டத் தடை உண்டு; அலை ஏறும் நேரத்தில் சக்கரம் புதைந்தால் வண்டி கடலுக்குத்தான். சந்தக்பூ போக ஆசையிருந்தால் சொந்தக் காரைக் கீழே விட்டுவிட்டு, அந்தப் பாதை பழகிய உள்ளூர் டிரைவரோடு போவதே மரியாதை.

பருவமும் பார்க்க வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். சித்திரை வைகாசியில் கால்பைசாகி புயல் மாலையில் திடீரென்று வந்து கூடாரத்தைப் பட்டமாக்கிவிடும். வானிலை அலுவலகம் நம் அலிப்பூரிலேயே இருக்கிறது. அதன் அறிவிப்பைக் கிளம்பும் முன் பார்ப்பதில் என்ன கஷ்டம்?

இரண்டாவது எடை

கடைசியில் ஏறிய சாமான் இவ்வளவுதான்: பலகை 22, தரைக் கூடாரங்கள் 11, தண்ணீர் 21, சிறு அடுப்பு 3, ஐஸ் பெட்டி 12, மின்சாரப் பெட்டி 6, துணிமணி படுக்கை 60, பாத்திரம் மளிகை 18, கருவிகளும் தீயணைப்பானும் 15. மொத்தம் 168 கிலோ. துணிமணிக் கணக்கில் அம்மாளுக்கான மடக்குக் கமோடு நாற்காலியும் அடக்கம். வயதானவர்களோடு போகிறவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடக் கூடாது. அவர்களுடைய மாத்திரைப் பெட்டி பின்னால் அல்ல, கைப்பையில் இருக்க வேண்டும்.

கருவிகளில் சிறு காற்றடிக்கும் பம்ப், பஞ்சர் சாமான், இழுக்கும் பட்டை, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு சதுரப் பலகை. ஈர மண்ணில் பலகை இல்லாமல் ஜாக்கி வைத்தால் வண்டி உயராது. ஜாக்கிதான் மண்ணுக்குள் இறங்கும்.

டீசல் கேன் எதற்கு? கொல்கத்தாவிலிருந்து சென்னை வரை 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சுமார் 1,700 கிலோமீட்டர். கரக்பூர், பாலசோர், புவனேசுவரம், பெர்ஹாம்பூர், விசாகப்பட்டினம், விஜயவாடா, நெல்லூர் என்று வழியெல்லாம் பங்க்குகள்.

மறுபடியும் வே பிரிட்ஜில் ஏற்றினோம். 2,220 கிலோ. அளவுக்கு 80 கிலோ குறைவு. எடை போடுகிறவர் முகத்தைப் பார்த்து, “இப்போது ஊருக்குப் போகலாமா?” என்று நண்பர் கேட்டார். அதே சாலையில் அதே வேகத்தில் பிரேக் போட்டுப் பார்த்தார். வண்டி சொன்ன இடத்தில் நின்றது. விற்ற கூரைக் கூடாரத்துக்குப் பாதி விலைதான் கிடைத்தது என்பது அவருக்கு இன்னும் ஆறாத மனக்குறை.

ஏரி தெரிந்தது

ஜனவரியில் ஒரு நாள் பனி விலகிய பின் கிளம்பினார்கள். இருட்டில் ஓட்டுவதில்லை, ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை என்று முன்பே முடிவு. முதல் இரவு புவனேசுவரத்துக்கு முன்பே தங்கிவிட்டு, மறு நாள் மதியத்துக்குள் கொல்கத்தாவிலிருந்து சுமார் 540 கிலோமீட்டர் தூரத்திலுள்ள பர்குல் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். அனுமதி பெற்று ஒரு விடுதி வளாகத்தில் கூடாரம் அடித்தார்கள். எதிரே சிலிகா.

இந்தியாவிலிருந்து ராம்சர் உடன்படிக்கைப் பட்டியலில் 1981இல் முதன்முதலாக இடம் பெற்ற நீர்நிலைகளில் சிலிகாவும் ஒன்று. குளிர்காலத்தில் வடதேசங்களிலிருந்து பறவைகள் வந்து இறங்கும் இடம். ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் ஏரியின் மேற்குக் கரையை ஒட்டியே போகின்றன.

அந்த அம்மாள் காரின் பின் கதவைத் திறந்து வைத்துக் கொண்டு, பலகை மேல் காலைத் தொங்கப் போட்டபடி, பொழுது சாயும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். இரவு ரயில் ஒன்று கூவிக் கொண்டு போனபோது, “இதிலே போறவங்க எல்லாம் தூங்கிட்டிருப்பாங்க” என்றாராம்.

பிறகு ஊர் சேர்ந்தார்கள். திரும்பி வந்ததும் நண்பரின் கார் பழையபடி குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்கிறது. பலகை அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

இதைப் படிக்கிற வாசகர்களில் எவராவது பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ காரில் கிளம்புவதாக இருந்தால், கடைக்குப் போகும் முன் கதவுத் தூணில் இருக்கும் தகட்டைப் படியுங்கள். சாமான் ஏற்றிய பின், குடும்பத்தோடு ஒரு முறை வே பிரிட்ஜில் ஏறி இறங்குங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு வேளைக் காப்பிச் செலவுதான். அந்தச் சீட்டைப் பார்த்த பிறகு எதை வீட்டில் விடுவது என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.